முகவரி இல்லாத விண்ணப்பம்

மனைவிக்கு வேலை மாற்றம் உறுதியான அன்று இரவே மடிக்கணினியில் ஓர் எக்செல் தாளைத் திறந்தேன். பள்ளியின் பெயர், தொலைவு, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், விளையாட்டுத் திடல் உண்டா, பெற்றோர் என்ன சொல்கிறார்கள் என்று 14 தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கடைசியில் கூட்டுத்தொகை. மகளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம். பக்கத்தில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "இது என்னப்பா கட்டம் கட்டமா?" என்றாள். புதுப் பள்ளி தேடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்க பாத்ரூம் தாழ்ப்பாள் எனக்கு எட்டுமா?" என்று கேட்டாள். 14 தலைப்புகளில் அது இல்லை. சிரித்துவிட்டு அடுத்த கட்டத்தை நிரப்பப் போய்விட்டேன்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழெட்டு வாரம் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது: எது நல்ல பள்ளி என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இடத்தை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும். பேருந்தில் இருக்கை மெத்தென்று இருக்குமா என்று விசாரிப்பதற்கு முன்னால் அது நம் நிறுத்தத்தில் நிற்குமா என்று தெரிய வேண்டாமா? நான் இருக்கையைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வீடு மாறுகிறவர்களை முதலில் பிடித்துக்கொள்வது ஒரு முடிச்சு. பள்ளியில் இடம் வேண்டுமா, முகவரிச் சான்று கொண்டுவா. முகவரி வேண்டுமா, வீடு பார். வீடு எங்கே பார்ப்பது? பள்ளிக்குப் பக்கத்தில். எந்தப் பள்ளி? இடம் கிடைக்கிற பள்ளி. கிடைக்குமா என்று கேட்டால், "முகவரிச் சான்றோட வாங்க சார், பாத்துச் சொல்றோம்." பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். முதல் வாரத்தில் இந்த வாக்கியத்தை மூன்று வெவ்வேறு அலுவலகங்களில் மூன்று வெவ்வேறு குரல்களில் கேட்டேன். மூன்றாவது குரல் பாவம், கொஞ்சம் வருத்தப்பட்டே சொன்னது.

அலுவலகத்துக்காரர்களின் பிடிவாதம் என்றுதான் முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர்கள் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்றால் எந்த ஊரிலும் "அருகில் குடியிருப்பவர்களுக்கு முதலில்" என்று ஒரு விதி முளைத்துவிடும். விதி முளைத்த மறுநாளே அதைச் சுற்றிப் போகும் குறுக்குவழியும் முளைக்கும். மாமா வீட்டு முகவரி, மூன்று மாதத்துக்கு மட்டும் பிடித்த வாடகை வீடு, இப்படி. அதை அடைக்க இன்னொரு விதி. சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளிச் சேர்க்கையில் இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடிவிட்டால் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களைத் தனியாகவும், 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களைத் தனியாகவும் பார்க்கிறார்கள். அப்போதும் கூட்டம் என்றால் குலுக்கல். தொலைவைக் காட்டி முன்னுரிமை வாங்கிய குடும்பம் அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும். முப்பது மாதம்! இடையில் வேலை மாற்றம் வந்தால் என்ன செய்வார்கள் என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

பள்ளியின் எல்லைக்கோடு, அதாவது எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கும் கோடு, வீட்டின் விலையையே அசைத்துவிடும். சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி எல்லைக்கோட்டை ஒட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டார். அதே தெரு, அதே மரம், அதே காற்று. மாறுவது பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பது ஒன்றுதான். தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தது தெரியவந்தது. வீட்டுத் தரகர்களுக்கு இந்த ஆய்வெல்லாம் வேண்டாம். "ஸ்கூல் பக்கம் சார்" என்ற மூன்று சொல்லில் முழுவதையும் அடக்கிவிடுவார்கள்.

எங்களிடமும் அந்த மூன்று சொல்லைத்தான் சொன்னார் ஒரு தரகர். பொய்யும் இல்லை. வீட்டின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பள்ளியின் திடல் தெரிந்தது. இடைவேளை மணி அடித்தால் காது கிழியும் அளவுக்குப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. நடந்து பார்த்தோம், எட்டு நிமிடம். என் எக்செல் தாளில் அந்தப் பள்ளிதான் முதலிடம். அன்று மாலையே முன்பணம் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் பள்ளி அலுவலகத்தில் அந்த ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்த அம்மா, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த ஒரு வரைபடத்தைக் காட்டினார். எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஓடும் சாலையின் மேல் சிவப்பில் ஒரு கோடு. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்க எல்லை இல்ல சார். காத்திருப்புப் பட்டியல்ல வேணா போடறேன்." இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்குப் பட்டியலில் எங்களைவிட மேலே இடம். கூச்சல் கேட்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது என் தவறு. மனைவி இதைச் சொல்லிக் காட்டவில்லை. காட்டாமல் இருந்தது இன்னும் மோசம். எல்லை எது, தொலைவை எப்படி அளக்கிறார்கள், நேர்கோட்டிலா நடைபாதை வழியாகவா, எந்த வாசலிலிருந்து, எந்தத் தேதியில் அங்கே குடியிருக்க வேண்டும் என்ற நாலைந்து கேள்வியை ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். முகவரி இல்லாதவனுக்கு இடம் உண்டா என்று சொல்லமாட்டார்கள். விதி என்ன என்று கேட்டால் யாருக்கும் சொல்வார்கள். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை.

காத்திருப்புப் பட்டியலில் ஆறாவது இடம். ஆறுதானே, ஒவ்வொருவராகக் கழன்றுபோனால் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது ஒன்பது என்றார்கள். தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்தேன். பிழை இல்லை. இந்த வரிசை ரேஷன் கடை வரிசை மாதிரி முன்னால் வந்தவர் முன்னால் என்று நிற்பதில்லை. புதிதாக ஒரு பெயர் சேரும்போதெல்லாம் பட்டியலை விதிப்படி கலைத்து அடுக்குகிறார்கள். நேற்று வந்த குழந்தைக்கு அதே பள்ளியில் அண்ணனோ அக்காவோ இருந்தால், மூன்று மாதமாகக் காத்திருக்கும் குழந்தைக்கு மேலே போய்விடும். இங்கிலாந்தில் இது எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது. எப்போது பெயர் கொடுத்தோம் என்பதை வைத்து முன்னுரிமை தரக் கூடாது. முதலில் கேட்டபோது அநியாயமாகத் தோன்றியது. அப்புறம் நினைத்துப் பார்த்தால், திடீரென்று வீடு மாற நேர்ந்த குடும்பத்துக்கு, அதாவது எங்களைப் போன்றவர்களுக்கு, வேறு எந்த விதி நியாயமாக இருக்கும்? ஆண்டுக் கணக்கில் முன்னதாகவே பெயர் கொடுத்து வைத்தவர்களுக்குப் பின்னால்தான் காலமெல்லாம் நிற்க வேண்டியிருக்கும். நமக்குக் கீழே ஒருவர் வந்து நின்றால் அது விதி, மேலே ஏறினால் அநியாயம். மனசு இப்படித்தான் கணக்குப் போடுகிறது.

இதற்கிடையில் கல்வி அலுவலகத்தின் பொது விண்ணப்பம் ஒன்றும் நிரப்ப வேண்டியிருந்தது. மூன்று பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். நான் மளமளவென்று எக்செல் தாளின் முதல் மூன்றையும் எழுதப் போனேன். மனைவி பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "கிடைக்காதுன்னு தெரிஞ்ச ஸ்கூல முதல்ல எழுதி வெச்சா, கிடைக்கக்கூடியதும் கைவிட்டுப் போயிடாதா?"

இந்த ஒரு கேள்விக்காகப் பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் செலவழித்திருக்கிறார்கள் என்பதை அன்று இரவுதான் தெரிந்துகொண்டேன். பாஸ்டன் நகரில் 2005 வரை இருந்த முறையில், ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கு முதலில் இடத்தைக் கொடுத்து முடித்துவிடும். மிச்சம் இருந்தால்தான் இரண்டாவதாக எழுதியவர்கள் பக்கம் திரும்பும். அப்படியானால், எல்லாரும் மோதும் பள்ளியை ஆசைப்பட்டு முதலில் எழுதியவருக்கு இரட்டை இழப்பு. அங்கேயும் கிடைக்காது; இரண்டாவதாக எழுதிய பள்ளி, வீட்டு வாசலிலேயே இருந்தாலும், அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் குழுவாகச் சேர்ந்து எதை எப்படி எழுதினால் தப்பிக்கலாம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். விவரம் தெரியாதவர்கள் மனதில் இருந்ததை அப்படியே எழுதி ஏமாந்தார்கள். உண்மையை எழுதியதற்குத் தண்டனை.

இதற்கு மாற்று ஒன்றை 1962-லேயே டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு பேர் கணக்காகப் போட்டு வைத்திருந்தார்கள். கல்லூரிச் சேர்க்கையையும் திருமணப் பொருத்தத்தையும் சேர்த்துப் பேசும் சின்னக் கட்டுரை அது. அவர்கள் முறையில் பள்ளி யாருக்கும் உடனே இடத்தை உறுதி செய்வதில்லை. வந்தவர்களில் விதிப்படி முன்னுரிமை உள்ளவர்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும். வேறொரு பள்ளியில் கிடைக்காமல் அடுத்த சுற்றில் வரும் பிள்ளையையும் ஏற்கெனவே பிடித்து வைத்தவர்களோடு சேர்த்து மறுபடி பார்க்கும். எல்லாச் சுற்றும் முடிந்த பிறகே கதவு சாத்தப்படும். அதனால் ஆசைப்பட்டதை முதலில் எழுதினால் எந்த நட்டமும் இல்லை. பாஸ்டன் இந்த வழிக்கு மாறியது. இங்கிலாந்தும் 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கை விதிமுறையில், முதல் விருப்பமாக எழுதியவருக்கே முதலிடம் என்ற பழக்கத்தைத் தடை செய்தது. ஷேப்லிக்கும், இந்தக் கணக்கைப் பள்ளிகள் வரைக்கும் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008-லேயே இறந்துபோயிருந்தார்.

மறுநாள் காலை கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன்: "நாங்க எழுதற வரிசை பள்ளிக்குத் தெரியுமா? இரண்டாவதா எழுதினதால அங்க எங்க முன்னுரிமை குறையுமா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யாரையோ கூப்பிட்டுக் கேட்டார்கள். "இல்ல சார், பள்ளிக்கு வரிசை தெரியாது. நீங்க எந்தப் பள்ளி எல்லைக்குள்ள வர்றீங்கன்னு மட்டும்தான் பார்ப்பாங்க." இவ்வளவுதான். இந்த இரண்டு வரிக்காக நான் ராத்திரி இரண்டு மணி வரை நோபல் பரிசு படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எல்லா இடத்திலும் இந்தப் பதிலே வரும் என்று நம்பிவிடாதீர்கள். பதில் "ஆமாம், தெரியும்" என்றால் நிரப்பும் விதமே மாறிவிடும். மூன்று இடத்தில் ஓர் இடத்தையாவது நிச்சயம் கிடைக்கக்கூடிய, நம் எல்லைக்குள் வரும் பள்ளிக்கு ஒதுக்குவது எந்த முறையிலும் புத்திசாலித்தனம். எங்கள் விண்ணப்பத்தில் மூன்றாவதாக அப்படி ஒன்றை மனைவி எழுதினாள். என் தாளில் அது பதினொன்றாவது.

வயது விஷயத்தில் ஒரு குழப்பம் வந்தது. எந்தத் தேதிக்குள் எத்தனை வயது முடிந்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பின்லாந்தில் ஏழு வயது முடியும் ஆண்டில்தான் பள்ளிக் கல்வியே கட்டாயமாகிறது. இங்கிலாந்தில் ஐந்து முடிந்த அடுத்த பருவத்தில். நாங்கள் அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை. ஆனாலும் பழைய பள்ளியில் வயது வரிசையில் நடுவில் இருந்தவள் புதிய இடத்துத் தேதிக் கணக்கில் வகுப்பிலேயே கடைசிக் குழந்தை ஆகிவிட்டாள். ஒன்றிரண்டு வாரம் தள்ளிப் பிறந்திருந்தால் ஒரு வகுப்பு கீழே, அங்கே மூத்தவள்.

இது சின்ன விஷயம் இல்லை. கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி என்ற இருவர் 2006-இல் பல நாட்டுத் தரவுகளை வைத்துப் பார்த்ததில், வகுப்பின் இளைய பிள்ளைகள் மூத்தவர்களைவிட நான்காம் வகுப்பில் 4 முதல் 12 சதமானம் வரை, அதாவது நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் அத்தனை இடம், பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பிலும் இடைவெளி முழுதாக மூடவில்லை. அமெரிக்காவில் 2018-இல் வந்த மருத்துவ ஆய்வு இன்னும் உறுத்தியது. செப்டம்பர் 1 என்று தேதி வைத்திருக்கும் மாநிலங்களில், செப்டம்பரில் பிறந்த குழந்தைகளைவிட ஆகஸ்டில் பிறந்தவர்களுக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ADHD) என்று முத்திரை குத்தப்படுவது 34 சதவீதம் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர்களைவிட ஏறக்குறைய ஒரு வயது சின்னவர்கள், அவ்வளவுதான். எங்களுக்கு விதியில் வேறு வழி இல்லை. ஒரு வகுப்பு கீழே சேர்த்துவிடலாமா என்று பேச்சை எடுத்ததற்கே மகள், "அந்த கிளாஸ் நான் முடிச்சாச்சு" என்று கோபித்துக்கொண்டு போனாள். ஆசிரியையிடம் முதல் நாளே அவளுடைய பிறந்த தேதியை எழுதிக் கொடுத்தோம். அவர் அதைப் படித்துவிட்டு, "ஓ, குட்டிப் பொண்ணு" என்றார். அந்த ஒரு சொல் அந்த ஆண்டு முழுவதும் உதவியது.

ஆண்டின் நடுவில் மாற்றுவதா, பரீட்சை முடியும் வரை காத்திருப்பதா என்ற கேள்வியில்தான் வீட்டில் அதிகமாகச் சண்டை வந்தது. மனைவி முன்னால் போவது, நானும் மகளும் எட்டு மாதம் கழித்துப் போவது என்று ஒரு திட்டம் இருந்தது. பொருளியலாளர் எரிக் ஹனுஷெக்கும் அவருடைய சகாக்களும் 2004-இல் டெக்சாஸ் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வைப் படித்ததும் அந்தத் திட்டத்தின் பக்கம் சாய்ந்தேன். பள்ளி மாறும் ஆண்டில் பாதிப்பு மாறும் பிள்ளையோடு நிற்பதில்லை. பிள்ளைகள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் பள்ளியில், அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கும் பிள்ளைகளின் படிப்பும் இறங்குகிறது.

ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எதைவிட எது பெரிய இழப்பு? அம்மாவை எட்டு மாதம் வார இறுதியில் மட்டும் பார்ப்பதற்கு எந்த ஆய்வில் எத்தனை சதமானம் என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை. நடுவில் மாறுவதில் யாரும் சொல்லாத ஒரு வசதியும் உண்டு. நீண்ட விடுமுறையில் மாறினால் புதிய ஊரில் ஒரு பிள்ளையையும் தெரியாமல் வாரக்கணக்கில் வீட்டுக்குள் கிடக்க வேண்டும். நடுவில் போனால் மூன்றாவது நாளே முப்பது முகங்கள். இடம் காலியாவதும் அப்போதுதான். ஆண்டுத் தொடக்கத்தில் நிரம்பி வழியும் வகுப்பில், வேறு யாரோ வீடு மாறிப் போகும்போது ஓர் இருக்கை விடுபடுகிறது. நமக்குக் கிடைப்பது எப்போதும் இன்னொரு குழந்தை எழுந்துபோன இருக்கை. எங்கள் மகள் விட்டுவந்த இருக்கையிலும் இந்நேரம் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

காகிதங்களைப் பற்றி நீட்டவில்லை. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மாற்றுச் சான்றிதழ், கடைசி மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்த நகல், இவற்றைக் கையோடு தூக்கிப் போகும் பையில் வையுங்கள். எங்கள் தடுப்பூசி அட்டை "சமையலறை 4" என்று எழுதிய அட்டைப் பெட்டியிலிருந்து பதினாறு நாள் கழித்து வெளிவந்தது. மாற்றுச் சான்றிதழுக்குப் பழைய பள்ளி இழுத்தடித்தால், உங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருமுறை பாருங்கள். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் சான்றிதழை உடனே தர வேண்டும் என்கிறது. அது வரத் தாமதம் என்று சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைக்கும்தான் அந்தச் சட்டம். எங்களுடையதைவிடச் சற்றே பெரிய பிள்ளைகளுக்கு.

பள்ளிகளை நேரில் பார்க்கப் போனதில் நான் கற்றது, எப்போது போவது என்பது. நான் பகல் பதினொரு மணிக்கு நேரம் வாங்கிப் போனேன். கேள்விகளை அச்சடித்து எடுத்துப் போனேன். எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பதிலும் நன்றாக இருந்தது. மனைவி பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நின்றாள். பிள்ளைகள் ஓடி வருகிறார்களா, வரிசையில் உறைந்து வருகிறார்களா, கடைசியாக வரும் பிள்ளையோடு யாராவது பேசிக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்தாள். தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கழிப்பறைக்குள் போயும் பார்த்தாள். எனக்கு அந்தக் கேள்வி நினைவிலேயே இல்லை.

நான் கேட்டதில் உருப்படியான கேள்வி ஒன்றுதான். நடுவில் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் என்ன செய்வீர்கள்? மதிப்பெண்ணில் உச்சியில் இருந்த பள்ளியில், "தனியா எதுவும் செய்யறதில்ல, ரெண்டு நாள்ல பழகிடுவாங்க" என்றார்கள். பதினொன்றாவது பள்ளியில், சேர்வதற்கு முந்தைய வாரம் ஒருநாள் சும்மா ஒரு மணி நேரம் கொண்டுவந்து விடச் சொன்னார்கள். பை மாட்டும் கொக்கியில் பெயரை முன்கூட்டியே ஒட்டிவிடுவோம், ஒரு வாரத்துக்கு ஒரு பிள்ளையைத் துணைக்குப் போடுவோம், வாயாடியைப் போடமாட்டோம், நிதானமான பிள்ளையாகப் பார்த்துப் போடுவோம் என்றார் அந்த ஆசிரியை. வாயாடியைப் போடமாட்டோம் என்பது அனுபவம் இல்லாமல் வராத வாக்கியம்.

பொது விண்ணப்பத்தில் கிடைத்ததும் அந்தப் பதினொன்றாவதுதான். ஜன்னலில் தெரியும் பள்ளியில் பட்டியல் எண் அப்போது எட்டு.

மகளிடம் சொன்ன விதத்திலும் தப்பு செய்தோம். பிள்ளைக்கு மனம் தயாராக வேண்டும் என்று ஆறு வாரம் முன்னதாகவே சொல்லிவிட்டோம். ஐந்து வயதுக்கு ஆறு வாரம் என்பது ஒரு யுகம். நாற்பது நாள் காலையிலும் எழுந்ததும், "இன்னிக்கா?" என்று கேட்டாள். முப்பதாவது நாள் வாக்கில் அது பயமா ஆசையா என்றே எங்களுக்குத் தெரியாமல் போனது. இரண்டு வாரம் போதும் என்று இப்போது தோன்றுகிறது. பழைய பள்ளியில் அவள் விடைபெறுவாள், அழுவாள் என்று கைக்குட்டையோடு போனேன். ஆசிரியைக்குக் கையசைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். அழுதது ஒன்பது நாள் கழித்து, பழைய வீட்டு மாடிப்படியின் மூன்றாவது படிக்காக. அந்தப் படியில் உட்கார்ந்துதான் தினமும் காலணி மாட்டுவாள். புதிய வீட்டில் மாடிப்படியே இல்லை.

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராகே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கை நிகழ்வுகள் 43-ஐ எடுத்து, எது எவ்வளவு அழுத்தம் தரும் என்று புள்ளி போட்டார்கள். வாழ்க்கைத்துணையின் இறப்புக்கு 100. வீடு மாறுவதற்கு 20, பள்ளி மாறுவதற்கும் 20. அந்த மதிப்பெண்ணைப் போட்டவர்கள் பெரியவர்கள். மூன்றாவது படிக்கு அதில் வரி இல்லை. ஒரு சின்ன மரப்பலகையை வாசலில் போட்டேன். முதலில் ஏறிட்டும் பார்க்கவில்லை. நாலு நாள் கழித்து அதில் உட்கார்ந்து காலணி மாட்டினாள்.

முதல் மூன்று வாரம் பள்ளியில் நல்ல பிள்ளை, வீட்டில் பேய். ஆசிரியை "சமத்து" என்று சொல்ல, வீட்டுக்கு வந்ததும் பென்சில் முனை உடைந்ததற்கு அரைமணி நேரம் அழுகை. பகல் முழுக்க அடக்கி வைத்தது எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும். துணைக்குப் போட்ட நிதானமான பிள்ளையோடு அவளுக்கு ஒட்டவே இல்லை. தானாகப் போய் ஒரு வாயாடியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தினமும் சண்டை, தினமும் சமாதானம். வீட்டில் பேச்சு முழுக்க அந்தப் பிள்ளைதான். "நாளைலேர்ந்து அவளோட பேசமாட்டேன்" என்று சொல்லும் நாளில்தான் மறுநாள் சீக்கிரம் எழுந்துகொள்வாள்.

நான்காவது மாதம் ஒரு வியாழக்கிழமை, ஜன்னலில் தெரியும் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் இடம் காலியாகியிருக்கிறது, பட்டியலில் நீங்கள்தான் முதலில், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள். நான் எக்செல் தாளைத் திறந்தேன். 14 தலைப்பிலும் அது இன்னும் முதலிடத்தில்தான் இருந்தது. எட்டு நிமிட நடை, அலைச்சல் இல்லை, எதிர்காலத்துக்கும் நல்லது. எல்லா வாதமும் ஒரே பக்கம். மனைவி எதுவும் சொல்லவில்லை. மகள் வாசலில் பலகையில் உட்கார்ந்து, அந்த வாயாடி தன் ரப்பரைத் திருப்பித் தரவில்லை என்பதைப் பற்றி யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையே கூப்பிட்டு, வேண்டாம் என்றேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வரைபடம் வைத்திருக்கும் அதே அம்மாதான் எடுத்தார். நிச்சயமா என்று ஒருமுறை கேட்டார். நிச்சயம் என்றேன். "சரி சார். அப்ப அடுத்த பேரைக் கூப்பிட்டுடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மணி பத்தரைக்குள் எங்கேயோ ஒரு வீட்டில் தொலைபேசி அடித்திருக்கும். பாதி பிரித்த பெட்டிகளுக்கு நடுவே யாராவது ஓடிப்போய் எடுத்திருப்பார்கள்.